எக்ஸ்-மென் 137: மறுபடி வரையப்பட்ட ஐந்து பக்கங்கள்

1980ஆம் ஆண்டு அமெரிக்கப் படக்கதை நிறுவனமான மார்வெலின் எக்ஸ்-மென் என்ற அதிநாயகர் குழுத் தொடரில் ஓர் இதழின் கடைசி ஐந்து பக்கங்கள் வரைந்து முடித்த பிறகு கைவிடப்பட்டு, மறுபடி வரையப்பட்டன. அந்த மாற்றத்தால் கதையின் நாயகி ஜீன் கிரே இறந்தாள். சில மாதங்களில் எழுத்தாளரும் ஓவியரும் பிரிந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து அதே மரணத்தை இல்லையென்று ஆக்கப் போய், வேறொரு கதாபாத்திரத்தின் குடும்பமே குலைந்தது. நடந்தவை எல்லாம் பலமுறை பேசப்பட்டவை, சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் பொதுவெளியில் உள்ளவை. இங்கே எழுத்தாளர், ஓவியர், தலைமை ஆசிரியர் என்று பொறுப்புகளால் மட்டும் குறிப்பிடுகிறோம். யார் நல்லவர் என்ற பேச்சு இந்த வழக்கைப் புரிந்துகொள்ள உதவியதே இல்லை. ஒரு பக்கம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பதைப் பார்த்தால்தான் விளங்கும்.

பின்னணி

1963இல் தொடங்கிய எக்ஸ்-மென் முதல் சுற்றில் பெரிதாக ஓடவில்லை. 1970 முதல் 1975 வரை பழைய கதைகளையே மறுபதிப்பாகப் போட்டுத் தொடரை உயிரோடு வைத்திருந்தார்கள். 1975இல் வெளிவந்த ஒரு பெரிய அளவுச் சிறப்பிதழ் வுல்வரின், ஸ்டார்ம், கொலோசஸ், நைட்கிராலர் ஆகியோரைச் சேர்த்துப் புதிய குழுவை உருவாக்கியது. அந்தச் சிறப்பிதழை எழுதியவர் விரைவில் விலகிக்கொள்ள, 94ஆம் இதழிலிருந்து வசனம் எழுத வந்த இளைஞரிடம் தொடர் வந்து சேர்ந்தது. விற்பனை நிச்சயமில்லாத, இரு மாதத்துக்கு ஒருமுறை வந்த இதழ் அது. மேலிடம் அதைக் கூர்ந்து கவனிக்கவில்லை. ஆகவே அவருக்குச் சுதந்திரமாக எழுத இடம் கிடைத்தது.

101ஆம் இதழில் (அக்டோபர் 1976) ஜீன் கிரே ஒரு விண்கலத்தை ஓட்டிவந்து நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடாவில் விழுத்தி, நீரிலிருந்து பெரும் சக்தி கொண்ட ஃபீனிக்ஸாக எழுந்தாள். அந்த விரிகுடா பிறகு மறுபடி வரும். 108ஆம் இதழில் (டிசம்பர் 1977) புதிய பென்சில் ஓவியர் சேர்ந்தார். 112ஆம் இதழில் தொடர் மாத இதழானது.

இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்தே நல்ல வேலை செய்தார்கள். வுல்வரினைக் குழுவிலிருந்து நீக்கும் யோசனை எழுந்தபோது, கனடாவில் வளர்ந்த ஓவியர் ஒரே கனடாக்காரக் கதாபாத்திரத்தை விட்டுத்தர மறுத்தார். இன்று அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று வுல்வரின். இந்த உரசல் தொடக்கத்தில் தொடருக்கு லாபமாகவே இருந்தது என்பதை முதலிலேயே பதிவு செய்ய வேண்டும். உரசல் இருந்ததால் மட்டும் ஒரு கூட்டணி உடைவதில்லை.

ஒரு பக்கம் உருவாகும் வரிசை

அன்றைய மார்வெலில் முழு வசனத்தோடு எழுதிக்கொடுத்து வரையச் சொல்லும் வழக்கம் இல்லை. எழுத்தாளர் கதைச்சுருக்கம் தருவார். இவர்கள் விஷயத்தில் அதன் பெரும்பகுதி தொலைபேசியிலேயே பேசி முடிவானது. ஓவியர் அதை மாதம் 17 பக்கமாகப் பிரிப்பார். எத்தனை கட்டம், யார் முன்னால், எந்த இடத்தில் நிறுத்தம், எந்த முகத்தில் என்ன உணர்ச்சி, எல்லாம் அவர் தீர்மானம். 11க்கு 17 அங்குல அட்டையில், 10க்கு 15 அங்குல எல்லைக்குள் பென்சிலால் வரைவார். கட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை ஓரத்தில் சிறு குறிப்பாக எழுதிவைப்பார்.

பிறகு அட்டை எழுத்தாளரிடம் வரும். இப்போதுதான் அவர் வசனம் எழுதுவார், பலூன்கள் எங்கே உட்கார வேண்டும் என்று குறிப்பார். எழுத்துக் கலைஞர் அதே அட்டையில் எழுத்தைப் பதிப்பார். அதன் பின் மை, வண்ணக் குறிப்பு, அச்சு.

இந்த வரிசையில் பென்சில் ஓவியர் கதையின் நடையை முடிவு செய்கிறார், ஆனால் அதன் பொருளைக் கடைசியாக முடிவு செய்பவர் எழுத்தாளர். ஓவியர் சிரிப்பாக வரைந்த கட்டத்தின் மேல் துயரமான வசனம் ஏறலாம். பெரும்பாலும் அது அவருக்கு அச்சான இதழைப் பிரிக்கும்போதுதான் தெரியும். மறுபக்கம், எழுத்தாளர் ஒரு வரியில் சொன்னதை ஓவியர் மூன்று பக்கமாக விரித்திருந்தால், எழுத்தாளர் அந்த மூன்று பக்கத்தோடுதான் வாழ வேண்டும். இரண்டு பேருக்கும் மேலே தொடரின் பொறுப்பாசிரியர், அவருக்கும் மேலே தலைமை ஆசிரியர். 1978 தொடக்கத்தில் பதவிக்கு வந்த தலைமை ஆசிரியர் தாமதங்களை ஒழித்து, ஒவ்வொரு தொடருக்கும் பொறுப்பான ஆசிரியரை நியமித்து, நிறுவனத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர். டஜன்கணக்கான இதழ்கள் அவர் மேசையைக் கடந்தன. எல்லாக் கதையின் முடிவையும் முன்கூட்டியே அவர் கேட்டறிய வழியில்லை.

கவனிக்கப்பட்டவை: 134 முதல் 137 வரை

ஃபீனிக்ஸின் சக்தி தொடருக்கே தொந்தரவாக இருந்தது. 108ஆம் இதழில் பிரபஞ்சத்தையே காப்பாற்றியவள் குழுவில் இருந்தால் மற்றவர்களுக்கு என்ன வேலை? இந்தக் கைவினைச் சிக்கலுக்குத் தீர்வாகத்தான் அவளைத் தீயவளாக்கும் கதை பிறந்தது. 129ஆம் இதழில் (ஜனவரி 1980) தொடங்கிய கதையில் ஒரு வில்லன் மாயத்தால் அவள் மனத்தைச் சிதைக்கிறான். 134ஆம் இதழின் முடிவில் அவளுடைய தீய வடிவமான டார்க் ஃபீனிக்ஸ் வெளிப்படுகிறாள்.

135ஆம் இதழில் (ஜூலை 1980) அவள் பசியால் ஒரு நட்சத்திரத்தை விழுங்குகிறாள். அந்த நட்சத்திரத்தைச் சுற்றிய கோளில் ஐந்நூறு கோடிப் பேர் வாழ்கிறார்கள். அவர்கள் தூரத்துப் புள்ளிகளாக இல்லை, முகத்தோடு வரையப்பட்டிருக்கிறார்கள். தங்கள் சூரியன் மாறுவதை நிமிர்ந்து பார்க்கிறார்கள், எரிகிறார்கள். பிறகு அவள் ஷியார் என்ற வேற்றுலகப் பேரரசின் போர்க்கலம் ஒன்றையும் அதில் இருந்தவர்களோடு அழிக்கிறாள்.

இந்த வழக்கின் மையம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு. வெறும் நட்சத்திரம் அணைந்திருந்தால் அது சக்தியின் அளவைக் காட்டும் காட்சியாக நின்றிருக்கும். உயிர்களைக் காட்டிய உடன் அது கொலையாகிவிட்டது. சில கட்டங்களுக்குள் நடந்த இந்த மாற்றத்தின் கனத்தைப் பொறுப்பாசிரியர் நிலையில் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. ஏனென்றால் அது நன்றாக இருந்தது, வாசகரைப் பிடித்து உலுக்கியது.

இருவரும் யோசித்து வைத்திருந்த முடிவு இப்படி: நிலவின் நீலப் பகுதியில் எக்ஸ்-மென் குழு ஷியார் காவற்படையோடு மோதித் தோற்கிறது. ஷியார் பேரரசு ஜீனின் மனசக்தியை அறுத்தெடுக்கிறது. சாதாரணப் பெண்ணாக அவள் குழுவோடு பூமிக்குத் திரும்புகிறாள். இரட்டைப் பக்க அளவிலான 137ஆம் இதழ் இந்த முடிவோடு வரைந்து முடிக்கப்பட்டது. இழந்த சக்தியின் ஏக்கத்தை வைத்து அடுத்து வரும் இதழ்களுக்கும் கதை யோசித்திருந்தார்கள்.

தலைமை ஆசிரியர் 135ஆம் இதழின் பக்கங்களைப் பார்த்தார், கதை எப்படி முடிகிறது என்று கேட்டார். 137இல் நடப்பதைச் சொன்னார்கள்.

எடுத்த முடிவும் காரணமும்

அவர் எதிர்ப்பு ஒரே வாதத்தில் நின்றது. ஐந்நூறு கோடிப் பேரைக் கொன்றவள் சக்தியை மட்டும் இழந்துவிட்டு வீட்டுக்குப் போவது நீதியல்ல. நாயகர்கள் அதை ஏற்றுக்கொள்வதாகக் காட்டினால் நாயகர்கள் என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விடும்.

எழுத்தாளரின் தரப்பு எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. ஜீன் தன் நினைவோடு அதைச் செய்யவில்லை. பல மாதங்களாக அவள் மனம் சிதைக்கப்பட்டதை வாசகர் பார்த்திருக்கிறார். தண்டனை யாருக்கு, அவளுக்கா அவளை ஆட்கொண்ட ஒன்றுக்கா? ஆனால் இந்தக் கேள்விக்கு 137ஆம் இதழின் பழைய முடிவு பதில் சொல்லவில்லை, கேள்வியே எழாதது போல நகர்ந்துவிட்டது. அதனால்தான் தலைமை ஆசிரியர் சொன்னது சரி என்று இந்தப் பதிவு கருதுகிறது. வெளியிலிருந்து ஒரு நெறியை அவர் திணித்ததாகச் சொல்ல முடியாது. 135ஆம் இதழே போட்ட கணக்கைத்தான் 137 தீர்க்க வேண்டும் என்றார்.

மாற்று வழியாக முதலில் வாழ்நாள் சிறை பேசப்பட்டது. எழுத்தாளர் மறுத்தார். அவள் சிறையில் வாடும்வரை குழு வேறு வேலை பார்க்காது, ஒவ்வொரு கதையும் அவளை மீட்கப் போகும் கதையாகவே இருக்கும். தொடர்கதையின் இயங்குமுறையை அறிந்தவர் சொன்ன மறுப்பு அது. மீதமிருந்த ஒரே வழியான மரணம் கடைசியில் எழுத்தாளர் பக்கத்திலிருந்தே வந்தது. தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டார்.

மாதம் 17 பக்கம் வரையும் ஒருவருக்கு ஐந்து பக்கம் என்பது ஒரு வாரத்துக்கு மேற்பட்ட வேலை. அதன் பின்னால் வசனம், எழுத்து, மை, வண்ணம் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. இதழின் தேதியோ மாறாது. இந்த நெருக்கடியில் ஓவியர் புதிய முடிவை வரைந்தார். போரின் நடுவே டார்க் ஃபீனிக்ஸ் மறுபடி தலைதூக்குகிறாள். ஜீன் தன்னிடம் மிஞ்சியிருக்கும் தெளிவைக் கொண்டு, குழுத் தலைவனும் காதலனுமான ஸ்காட்டின் கண்முன்னே, நிலவில் கிடந்த ஒரு பழங்கால ஆயுதத்தால் தன்னை மாய்த்துக்கொள்கிறாள்.

அந்த ஐந்து பக்கங்களில் அவசரம் தெரியவில்லை என்பது அதிசயமே. பழைய முடிவில் ஜீன்மீது பிறர் ஏதோ செய்கிறார்கள். புதிய முடிவில் அவளே தீர்மானிக்கிறாள். பழைய முடிவோடு கதை வந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் யாரும் அதைப் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம். 1984இல் நிறுவனமே பழைய முடிவைத் தனி இதழாக அச்சிட்டு, சம்பந்தப்பட்டவர்கள் உட்கார்ந்து பேசிய உரையாடலையும் சேர்த்து வெளியிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கலாம்.

உடனடியாக நடந்தது: ஒரு மரத்தூர்

ஜீனின் மரணம் கூட்டணியை நேரடியாக உடைக்கவில்லை. 138ஆம் இதழ் அவள் இறுதிச் சடங்கு. 141, 142 இதழ்களில் இருள் சூழ்ந்த எதிர்காலத்தைக் காட்டும் கதையை இருவரும் சேர்ந்தே செய்தார்கள், தொடரின் உச்சங்களில் ஒன்று அது. உடைத்தது மிகச் சிறிய ஒன்று.

140ஆம் இதழில் கொலோசஸ் ஒரு மரத்தின் அடித்தூரைப் பிடுங்குகிறான். ஓவியர் அதை அவனுக்கு ஒரு பொருட்டே இல்லாத வேலையாக வரைந்திருந்தார். அச்சான இதழில் அவன் மூச்சுமுட்டப் பாடுபடுவதாக வசனம் இருந்தது. ஓவியர் விலக முடிவெடுத்தார். 143ஆம் இதழ் (மார்ச் 1981) அவருக்குக் கடைசி.

இதைக் கோபக்காரரின் கதையாகச் சொல்வது வழக்கம். அது போதாது. அந்தக் கட்டத்துக்கு முன்னால் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் ஓரக்குறிப்பில் ஒன்று, பலூனில் வேறொன்று. திருத்தக் கேட்க நேரமும் இல்லை, முறையும் இல்லை. கதையமைப்பில் தனக்குப் பங்கு உண்டு என்று இதழில் பெயர் போட்டிருந்தும், பொருளை மாற்றும் கடைசிக் கை தன்னுடையதாக இல்லை. அவர் பொறுமை எத்தனை நாள் தாங்கியது என்பதை மரத்தூர் காட்டியது, அவ்வளவுதான்.

பிரிந்த பிறகும் சண்டை பக்கங்களிலேயே தொடர்ந்தது. எக்ஸ்-மென்னில் ஆர்கேட் என்ற வில்லன், மார்வெலின் பெரிய வில்லனான டாக்டர் டூமின் கவசத்தில் தீக்குச்சியை உரசுகிறான், டூம் சும்மா இருக்கிறான். அப்போது ஃபென்டாஸ்டிக் ஃபோர் தொடரை எழுதி வரைந்துகொண்டிருந்த பழைய ஓவியர், 258ஆம் இதழில் (1983) அப்படி உரசவிட்டது டூம் அல்ல, டூம் செய்த இயந்திரப் பொம்மை என்று எழுதி, டூமின் கையாலேயே அதை அழிக்க வைத்தார். வாசகருக்குச் சுவையாக இருந்தது. ஆனால் மேசையில் பேசித் தீர்க்க வேண்டியதைக் கதைக்குள் தீர்க்கும் பழக்கம் நல்ல அறிகுறி அல்ல.

1986: மரணத்தைத் திரும்பப் பெறுதல்

முதல் எக்ஸ்-மென் ஐவரை மீண்டும் சேர்த்து எக்ஸ்-ஃபேக்டர் என்ற புதுத் தொடர் தொடங்க வேறொரு குழு திட்டமிட்டது. ஐந்தாவது ஆள் ஜீனாக இருந்தால் விற்கும். 1980இல் மரணத்துக்கு வழிவகுத்த அதே தலைமை ஆசிரியர் இதற்கு ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: அவள் கையில் அந்தக் கொலைகளின் கறை இருக்கக் கூடாது. அவர் நெறி மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே நெறி முன்பு அவளைக் கொன்றது, இப்போது அவளைக் குற்றமற்றவளாக்கியது.

அதற்கான வழி ஜமைக்கா விரிகுடாவில் கிடைத்தது. 1976இல் நீரிலிருந்து எழுந்தது ஜீனே அல்ல, அவள் வடிவெடுத்த ஒரு பிரபஞ்ச சக்தி. உண்மையான ஜீன் விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தாள். அவெஞ்சர்ஸ் 263, ஃபென்டாஸ்டிக் ஃபோர் 286 (ஜனவரி 1986) இதழ்களில் அவள் மீட்கப்பட்டாள். கதைத் தொழில்நுட்பமாகக் கச்சிதமான விடை. ஆனால் நிலவில் ஜீன் எடுத்த முடிவு ஜீன் எடுத்ததே அல்ல என்றாகிவிட்டது. 137ஆம் இதழின் உயிர்நாடி அறுந்தது.

எக்ஸ்-மென் எழுத்தாளர் கடுமையாக எதிர்த்தார், பலிக்கவில்லை. கதாபாத்திரங்கள் நிறுவனத்தின் சொத்து. செய்த வேலை முழுதும் நிறுவனத்துக்கே உரியது என்ற ஒப்பந்தத்தின்கீழ்தான் அங்கே எல்லோரும் எழுதினார்கள், வரைந்தார்கள். 286ஆம் இதழை உருவாக்கியவர் 1981இல் விலகிய அதே ஓவியர். அதில் ஜீனின் கடந்தகாலத்தைக் காட்டும் பக்கங்கள் அவருக்குப் பிறகு மாற்றப்பட்டன. அந்த மாற்றத்தில் எழுத்தாளரின் கையும் இருந்தது. ஓவியர் தன் பெயரை எடுத்துவிட்டார். பெயர் வர வேண்டிய இடத்தில் ‘யாரென்று உங்களுக்கே தெரியும்’ என்ற பொருளில் ஒரு வரி அச்சானது. மரத்தூர் விஷயம் ஐந்தாண்டு கழித்து, வேறு தொடரில், மறுபடி நடந்தது.

அதைவிடப் பெரிய சேதம் ஸ்காட்டுக்கு. ஜீன் இறந்த பிறகு எழுத்தாளர் அவனுக்கு மேடலின் பிரையர் என்ற பெண்ணைக் கொண்டுவந்து, 175ஆம் இதழில் (1983) மணமுடித்து, குழந்தையும் கொடுத்து, போராளி வாழ்க்கையிலிருந்து கௌரவமாக ஓய்வு தர நினைத்திருந்தார். எக்ஸ்-ஃபேக்டர் முதல் இதழில் ஜீன் உயிரோடு இருக்கும் செய்தி வந்ததும் ஸ்காட் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் போகிறான். தொடரின் நேர்மையான தலைவன் ஒரே இதழில் குடும்பத்தைக் கைவிட்டவனானான். அதைச் சரிக்கட்ட மேடலினை ஜீனின் நகல் என்றார்கள், தீயவளாக்கினார்கள், 1989இல் கொன்றார்கள். மேடலின் செய்த தவறு எதுவும் இல்லை. ஒரு மரணத்தைத் திரும்பப் பெற்றதற்கு அவள் விலையானாள். வாசகர் பலருக்கு இன்றும் ஆறாத இடம் இது. எங்களுக்கும்தான்.

1991

வரிசை பிறகு தலைகீழானது. புதிய நட்சத்திர ஓவியர் ஒருவர் வந்தார், ஆசிரியர் குழு கதையமைப்பில் அவர் பக்கம் நின்றது. எழுத்தாளர் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகத் திருத்தி வளர்த்த பழைய வில்லன் மேக்னீட்டோ மறுபடி வில்லனாக வேண்டும் என்றார்கள். 1991இல் புதிதாகத் தொடங்கிய எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து வெவ்வேறு அட்டைகளோடு 80 லட்சத்துக்கும் மேல் அச்சாகி விற்றது. அதன் மூன்றாம் இதழோடு எழுத்தாளர் விலகினார். 16 ஆண்டுகள் ஒரே தொடரை எழுதியவர். அடுத்த ஆண்டே அந்த ஓவியரும் வேறு சிலரோடு வெளியேறி, படைப்பாளிகளே உரிமை வைத்துக்கொள்ளும் இமேஜ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

மாற்றியிருக்க வேண்டியவை

முதலாவது, முடிவு தெரிய வேண்டிய நேரம். நாயகர் ஒருவர் திரும்ப முடியாத செயலைச் செய்யும் கதை என்றால், அந்தச் செயலின் முதல் பென்சில் கோட்டுக்கு முன்பே கடைசிக் காட்சி அரைப் பக்கத்தில் எழுதப்பட்டுத் தலைமை ஆசிரியர் வரை போக வேண்டும். முழுத் திட்டமும் வேண்டாம். நாயகர் என்ன செய்கிறார், யார் சாகிறார்கள், இறுதியில் அவருக்கு என்ன ஆகிறது, இந்த மூன்று வரி போதும். 135ஆம் இதழுக்கு முன் இது போயிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: கோளில் உயிர்கள் இல்லாமல் போயிருக்கும், அல்லது ஜீனின் மரணம் முதலிலிருந்தே திட்டமாக இருந்திருக்கும். எதுவானாலும் வரைந்த பக்கங்கள் வீணாகியிருக்காது.

இரண்டாவது, ஓரக்குறிப்பு. எழுத்தாளர் எழுதிய வசனம் ஓவியரின் குறிப்புக்கு எதிராகப் போகும் கட்டங்களை மட்டும் பொறுப்பாசிரியர் அடையாளமிட்டு, எழுத்து பதிக்கும் முன் ஓவியருக்கு நகல் அனுப்ப வேண்டும். 17 பக்க இதழில் அப்படிப்பட்ட கட்டங்கள் அதிகம் இருக்காது. ஓவியருக்குத் தடுக்கும் அதிகாரம் தர வேண்டும் என்றில்லை. அச்சில் முதன்முறை பார்ப்பதைத் தவிர்த்தாலே போதும். எழுத்து பதித்த பிறகு திருத்துவது என்றால் வெள்ளை பூசி, துண்டு ஒட்டி, மறுபடி எழுத வேண்டும், அப்போது எல்லோரும் விட்டுவிடவே பார்ப்பார்கள். திருத்தம் மலிவாக இருக்கும் கட்டம் எழுத்துக்கு முந்தையது மட்டுமே.

தொலைபேசிப் பேச்சும் அன்றே ஒரு பக்கக் குறிப்பாக இருவருக்கும் போயிருக்க வேண்டும். கொலோசஸின் வலு எவ்வளவு என்பது போன்ற விஷயங்களில் இருவர் மனத்திலும் இரண்டு அளவு இருந்தது, எழுதி ஒப்பிட்டதில்லை.

கடைசியாக, இறந்தவரை மீட்கும் எந்தத் திட்டமும் அந்த மரணத்தின்மேல் யார் என்ன கட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியலோடு வர வேண்டும். ஜீன் விஷயத்தில் அந்தப் பட்டியல் சிறியது: ஸ்காட்டின் திருமணம், ஒரு மனைவி, ஒரு குழந்தை, ஸ்காட்டின் ஓய்வு. நான்கும் அச்சில் இருந்தவை, யாரும் தேடிப்போக வேண்டியதில்லை. எக்ஸ்-ஃபேக்டரின் முதல் பக்கம் வரையப்படும் முன் அந்த நான்குக்கும் பக்கத்தில் என்ன நடக்கும் என்று எழுதச் சொல்லியிருந்தால், ‘மனைவி’ என்ற வரிக்கு எதிரே எழுத யாரிடமும் ஏற்கத்தக்க பதில் இருந்திருக்காது. ஐந்தாவது ஆளாக வேறொரு நாயகியைச் சேர்ப்பது பற்றி அந்தக் குழு முதலில் யோசித்திருந்தது. அந்த யோசனைக்குத் திரும்பிப் போக அப்போது நேரம் இருந்தது.